மெக்காய் பேஸ்பால் அரங்கத்தின் ஹோம் பிளேட் (மட்டையாளர் அருகில் நின்று பந்தை அடிக்கும் தட்டு) இருந்த இடத்தைக் குறித்து வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மெக்காய் அரங்கத்தின் பழைய ரசிகர்களில் ஒருவர்,
பாட்டக்கெட், ரோட் ஐலண்ட் மாநிலம், அமெரிக்கா.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
பாட்டக்கெட் நகராட்சி.

பொருள்: புதிய உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் பாசாக்ஸ் (பாட்டக்கெட் ரெட் சாக்ஸ்) பேஸ்பால் அணியின் வரலாற்றுக்கு இடம் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மெக்காய் அரங்கத்தை 2025-ல் இடிக்கத் தொடங்கியபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த இடத்தில் ஷே, டோல்மன் பள்ளிகளை ஒன்றாக்கிப் புதிய பள்ளி கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை. பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள், அந்த மண்ணுக்கு அதைவிட நல்ல காரியம் கிடைக்காது. ஆனால் தாங்கள் நடக்கும் தரையில் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே இந்த மனு.

மேயர் தாமஸ் மெக்காய் சதுப்பு நிலத்தைத் தூர்த்து அரங்கம் கட்டியபோது, 'மெக்காயின் முட்டாள்தனம்' என்று கேலி செய்தார்கள். 1942-ல் அரங்கம் திறந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸின் டிரிபிள்-ஏ அணி, அதாவது பெரிய லீகுக்கு ஒரே ஒரு படி கீழே உள்ள நம் பாசாக்ஸ் அணி, 1973-ல் இங்கே வந்தது. நான்கே வருடத்தில் அது திவாலானது. அப்போது ஆலைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றிருந்த பென் மாண்டோர் 1977-ல் அணியை வாங்கினார். அந்த வருடம் மொத்தம் வந்தவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர். 2005-ல் 6 லட்சத்து 88 ஆயிரம் பேர்! டிக்கெட் விலையைக் குறைவாக வைத்தார், அரங்கத்தைச் சுத்தமாக வைத்தார். ஆலைத் தொழிலாளியும் குடும்பத்தோடு வரலாம் என்ற நிலை அவரால் வந்தது.

1981 ஏப்ரல் 18-ஐப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இந்த மனுவை முடிக்க முடியாது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, உறையும் குளிர், எதிரணி ராச்செஸ்டர். ஒன்பது இன்னிங்ஸில் (இரண்டு அணிகளும் ஒவ்வொரு முறை மட்டை பிடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ்) முடிய வேண்டிய ஆட்டம் சமநிலையிலேயே இழுத்துக்கொண்டு போனது. 21-வது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. சரி, முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது நம் அணியின் வேட் பாக்ஸ் அடித்து மறுபடி சமன் செய்தார். வீரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். விடிகாலை 4:07-க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து ஆட்டத்தை நிறுத்தியபோது, வந்திருந்த 1,740 பேரில் மிச்சம் இருந்தது 19 பேர்.

ஜூன் 23-ல் ஆட்டம் தொடர்ந்தபோது 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. 33-வது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்த அடியில் 3-2 என்று நாம் ஜெயித்தோம். தொழில்முறை பேஸ்பாலில் அதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை இல்லை. அதில் ஆடிய வேட் பாக்ஸும் எதிரணியின் கால் ரிப்கனும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். வெற்றி அடி அடித்த கோசா பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நம் அணியை நான் நேசிப்பதற்குக் காரணமே இதுதான். மேலே போனவர்களுக்குச் சிலையும் பட்டயமும் மற்றவர்கள் வைப்பார்கள். கோசாவை நினைக்க நம் ஊர்தான் இருக்கிறது.

மெக்காய் அரங்கத்தில் வீரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே இருக்கும். எட்டிக் கை கொடுக்க முடியாது. அதனால் கையெழுத்து வாங்க, பிளாஸ்டிக் பால் கேனின் வயிற்றை வெட்டி, உள்ளே பேனாவும் பந்தும் போட்டு, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவோம். கயிறு லேசாக இழுபட்டால் யாரோ எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மேலே வரும் பந்தில் மை ஈரம்கூடக் காய்ந்திருக்காது.

அணி பக்கத்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்குப் போகிறது என்று 2018 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2020-தான் கடைசி வருடம். கொரோனாவால் அந்த சீசனே ரத்தானது. ஏறக்குறைய ஐம்பது வருடப் பழக்கத்துக்கு ஊர் கூடிக் கைதட்டி விடைகொடுக்கக்கூட முடியவில்லை.

ஐயா, பழைய பருத்தி நூற்பாலையான ஸ்லேட்டர் ஆலையை இடிக்காமல் காப்பாற்றிய ஊர் இது. அந்த அரங்கத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை, சரி. ஹோம் பிளேட் இருந்த சரியான இடத்தை நில அளவை வரைபடத்திலிருந்து கண்டுபிடித்து, அங்கே தரையோடு தரையாக ஒரு கல் பதிக்க வேண்டுகிறேன். 33 என்ற எண்ணும், அந்த இரண்டு தேதிகளும், கோசாவின் பெயரும் அதில் இருந்தால் போதும். பள்ளிக்குள் ஒரே ஒரு சுவரையாவது இந்த அணிக்கு ஒதுக்க வேண்டுகிறேன். அரங்கத்தின் சாய்தளச் சுவர்களில் பழைய வீரர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறிய தலைமுறை நாங்கள். இன்னொன்று அவசரமானது. அன்று விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், புல் வெட்டியவர்கள் எல்லோருக்கும் வயதாகிறது. அவர்கள் சொல்வதைப் பள்ளி மாணவர்களைக் கொண்டே ஒலிப்பதிவு செய்ய நகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டடம் முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

என் பால் கேன் இன்னும் வீட்டில் இருக்கிறது, கயிறோடு. சுவர் தயாரானதும் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாட்டக்கெட் நகரவாசி.