சின்னதைத் தின்னு, பெரியதை விடு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குச் சாக்கெல்லாம் சொல்லப் போவதில்லை, சோம்பல்தான். பெரியவளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று படித்ததும் இவளுக்கு நம்பிக்கையே வரவில்லை, நேற்றுதான் பாவாடை தடுக்கி நம் வாய்க்காலில் விழுந்த குழந்தை என்கிறாள். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன், விலையைச் சொன்னால் உனக்கு மயக்கம் வரும், ஆனால் வந்துவிடுவேன். முழங்காலுக்கு அந்த எண்ணெயை மட்டும் நம்பி உட்காராதே, ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு.

அப்புறம் நீ கேட்ட கேள்வி. ‘பிடிச்ச மீனத் திரும்பத் தண்ணியில விடுறதுக்கா அவ்வளவு தூரம் போயி பனியில உட்கார்ற, உனக்கு என்ன பைத்தியமா?’ படித்ததும் சிரித்தேன், கொஞ்சம் கோபமும் வந்தது. நான் எல்லாவற்றையும் விடுகிற ஆள் இல்லை. சொல்லப்போனால் எல்லாவற்றையும் விடுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டையே.

இங்கே அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் நார்தர்ன் பைக் என்று ஒரு மீன். சுருக்கமாக நார்தர்ன். வாத்து மூக்கு மாதிரித் தட்டையான நீண்ட வாய், அதற்குள் ஊசி ஊசியாய்ப் பல், பச்சை உடம்பில் வெண்ணெய் தெளித்த மாதிரி புள்ளிகள். நம் விரால் மாதிரியே பாசிக்குள் அசையாமல் நின்று, எதிரே வந்ததைச் சடாரென்று அடிக்கும். ஆனால் விராலின் குணம் இதற்கு இல்லை. விரால் செக்கச்செவேலென்ற குஞ்சுக்கூட்டத்துக்கு அடியிலேயே காவல் நிற்குமே, அப்படிக் குஞ்சோடு நிற்கும்போது தூண்டில் போட்டால் உன் தாத்தா செருப்பால் அடிப்பேன் என்பாரே, நினைவிருக்கிறதா? இது பனி உருகின கையோடு கரையோரம் முழுகிக் கிடக்கிற புல்லில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். பெரிய பெட்டை என்றால் லட்சம் முட்டைக்கு மேல் இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் குஞ்சு எதிரே வந்தால் அதையே விழுங்கும். சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது.

இந்தக் கெட்ட குணம்தான் ஏரியைச் சமநிலையில் வைத்திருந்தது. பெரிய நார்தர்ன் நிறைய இருந்தவரைக்கும் சின்ன நார்தர்னை அதுவே தின்று குறைத்தது. ஆனால் நம் ஜனங்கள் எங்கேயும் ஒரே மாதிரிதானே, பெரியது மாட்டினால் சட்டிக்கு, சின்னது மாட்டினால் தண்ணீருக்கு. தலைமுறை தலைமுறையாக அப்படியே செய்தார்கள். இங்குள்ள பழைய ரிசார்ட்டுகளில் கறுப்பு வெள்ளைப் படங்கள் மாட்டியிருக்கும், ஆள் உயரக் கட்டையில் வரிசையாகத் தொங்குகிற ராட்சச மீன்கள், பக்கத்தில் தொப்பி வைத்தவர் இடுப்பில் கைவைத்து நிற்பார். இந்த மாநிலத்தில் பிடிபட்டதிலேயே பெரிய நார்தர்ன் 1929-இல் பாஸ்வுட் ஏரியில் பிடித்தது, 45 பவுண்டு 12 அவுன்ஸ். இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை.

பெரியதெல்லாம் போனதும் சின்னது பெருகிவிட்டது. ஒரே ஏரியில் ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே அளவு, பதினெட்டு இருபது அங்குலம், தலை பெருத்து உடம்பு சிறுத்து. இங்கே அதைச் சுத்தியல் பிடி என்று கேலியாகச் சொல்வார்கள், பார்த்தால் அப்படியேதான் இருக்கும். தீனி போதாமல் வளராது, வளராததால் பெரியதாகி மற்றதைத் தின்னாது, ஆக எண்ணிக்கை குறையவே குறையாது. அதோடு ஏரியில் இருக்கிற பெர்ச் மீனையெல்லாம் காலி பண்ணிவிடும். இங்குள்ளவர்கள் உயிரை விடுகிற மீன் வால்ஐ, அதற்கு முக்கியத் தீனியே பெர்ச்தான். மாநில இயற்கை வளத் துறைக்காரர்கள் வால்ஐ குஞ்சு வாங்கி ஏரியில் விட்டால் அதையும் இந்தப் பட்டாளம் தின்று ஏப்பம் விடும்.

அதனால்தான் 2018-இல் இயற்கை வளத் துறை சட்டத்தையே புரட்டிப் போட்டது. அதற்கு முன்னால் மாநிலம் பூராவும் ஆளுக்கு மூன்று நார்தர்ன், அதில் 30 அங்குலத்துக்கு மேல் ஒன்றுதான். இப்போது மூன்று மண்டலம். நான் போகிற பிரெய்னர்டு பக்கமெல்லாம் நடு மண்டலம், மாநிலத்தில் பெரும்பகுதி இதுதான். இங்கே ஆளுக்குப் பத்து வரை எடுத்துப் போகலாம், பத்து! ஆனால் 22-லிருந்து 26 அங்குலம் வரை உள்ளதைக் கட்டாயம் விட வேண்டும், 26-க்கு மேல் இரண்டுக்கு மிஞ்சக் கூடாது. அதாவது சுத்தியல் பிடியை அள்ளிக்கொண்டு போ, கொஞ்சம் தேறி வந்ததை வளர விடு என்று அர்த்தம். வடகிழக்குக் காட்டுப்பக்கம் போனால் கணக்கு வேறு, அங்கே சின்னதின் தொல்லை இல்லை, பெரிய மீனுக்குப் பேர்போன ஏரிகள், அதனால் ஆளுக்கு இரண்டுதான், 30-லிருந்து 40 வரை தொடக்கூடாது, 40-க்கு மேல் ஒன்று. தெற்கே நார்தர்ன் சீக்கிரம் வளரும், ஆனால் முட்டையிட இடம் குறைவு, அதனால் அங்கே 24 அங்குலமாவது இருந்தால்தான் எடுக்கலாம், அதுவும் இரண்டு. ஒரே மாநிலம், ஒரே மீன், ஓரிடத்தில் சின்னதை விட வேண்டும், இன்னொரு இடத்தில் சின்னதைத் தின்ன வேண்டும். எனக்கு இது மண்டைக்குள் ஏறவே ஒரு சீசன் ஆயிற்று.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பனிக்கட்டியில் பெரிய சதுர ஓட்டை போட்டு, மேலே வெளிச்சம் புகாத குடிசை வைத்து, உள்ளே இருட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஈட்டியால் குத்துகிற பழக்கம் இங்கே உண்டு. குத்தின மீனை எப்படித் திருப்பி விடுவது? தண்ணீருக்குள் போகிற மீன் 21 அங்குலமா 23-ஆ என்று மேலேயிருந்து யாரால் சொல்ல முடியும்? அதனால் ஈட்டிக்காரர்களுக்கு மட்டும் அந்த நடு அளவில் ஒன்றை மன்னித்து விட்டார்கள்.

பிப்ரவரி கடைசி ஞாயிறோடு சீசன் முடிந்தது. அதற்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு போயிருந்தேன். பனியைத் துளைத்து, குஞ்சு மீனைக் கொக்கியில் மாட்டி, மேலே ஒரு சின்னக் கொடி, மீன் இழுத்தால் கொடி டப்பென்று எழும். எழுந்ததும் வழுக்கி விழாமல் ஓட வேண்டும், உன் முழங்காலுக்கு ஆகாது. அன்றைக்கு எனக்கு ஆறு, ஐந்து சுத்தியல் பிடி, ஒன்று இருபத்து நாலரை. அந்த இருபத்து நாலரையைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. நல்ல கொழுத்த மீன், குழம்புக்கு என்றால் வீட்டுக்கே ஆகும். கையில் பிடித்துக்கொண்டு அளவுப் பலகையை இரண்டு தடவை பார்த்தேன், பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தார். விட்டேன். ஓட்டைக்குள் ஒரு நொடி அப்படியே நின்றது, அப்புறம் வாலை ஒரு ஆட்டு, போயிற்று.

விடுவதற்கும் ஒரு கை வேண்டும். முதல் வருடம் நான் பண்ணின கூத்து, பெரிய மீன் ஒன்றைப் பனிமேல் போட்டு நாலு பக்கமும் படம் எடுத்தேன், நல்ல குளிர், கண்ணின் மேல் ஆடை படிகிற மாதிரி வெள்ளை படிந்துவிட்டது, செவுளும் உறைய ஆரம்பித்துவிட்டது. தண்ணீரில் விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து ஓட்டைக்குள் விட்டேன். ‘அத நீ விடல, வீணாக்கின’ என்று பெரியவர் சொன்னதை இங்கிலீஷில் கேட்டதைவிடத் தமிழில் நினைக்கும்போதுதான் அதிகம் சுடுகிறது. இப்போது கொக்கியின் முள்ளை நசுக்கிவிடுகிறேன், நீளக் குறடு வைத்திருக்கிறேன், கையை நனைத்து வயிற்றுக்கு அடியில் தாங்கிப் படுக்கவைத்தே பிடிக்கிறேன், தலையைப் பிடித்துத் தொங்க விடுவதில்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். இங்கே ஒரு கூட்டம், பிடித்ததெல்லாம் விட்டுவிடுவார்கள், அதைப் பெருமையாகவும் சொல்வார்கள். வடகிழக்கு ஏரியில் அது நியாயம். இந்த நடு மண்டலத்தில் சுத்தியல் பிடியை முத்தம் கொடுத்து விடுவது என்ன ஜீவகாருண்யம் என்று எனக்கு விளங்கவில்லை, ஏரியே அரைப்பட்டினியில் கிடக்கிறது. அவர்கள் விடுவதற்கு உண்மைக் காரணம் வேறு, முள். இந்த மீனில் நடு முதுகெலும்பு போக, சதைக்குள்ளேயே இரண்டு பக்கமும் ஒய் எழுத்து மாதிரி கவட்டை முள் வரிசையாக ஓடும். இங்குள்ளவர்களுக்கு முள்ளென்றால் பயம். ஐந்து துண்டாகச் சீவி முள்ளில்லாமல் எடுக்கிற வித்தையை ஒரு கலையாகவே கற்றுக்கொடுக்கிறார்கள், ஆனால் சின்ன மீனில் அப்படிச் சீவினால் என்ன மிஞ்சும்?

முள்ளுக்குப் பயந்தா நாம் வளர்ந்தோம்? உங்கள் அம்மா கெண்டைக்குப் போடுவாரே, கிட்டக் கிட்டக் குறுக்கே கீறல், அதையே போட்டேன். முதலில் கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்த்து அந்தச் சளியை எடுக்க வேண்டும், விராலைவிட மோசமான சளி, பாத்திரம் கழுவுகிற தொட்டியெல்லாம் ஒட்டும், இவள் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. அப்புறம் மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, அரை மணி நேரம், நிறைய எண்ணெயில் நன்றாக முறுக விட்டால் கவட்டை முள் அப்படியே மொறுமொறுவென்று போய்விடும். பெரியவர் எட்டுத் துண்டு சாப்பிட்டார். பதிலுக்கு வினிகரில் ஊறப்போட்ட நார்தர்ன் ஒரு பாட்டில் கொடுத்தார். வேகவைக்காத மீன், நாடாப்புழு இருக்கலாம், அதனால் ஒரு வாரம் நன்றாக உறையவைத்த பிறகுதான் ஊறப்போடுவாராம். பரவாயில்லை ரகம், அவரிடம் சொல்லிவிடாதே. இன்னொன்று, பெரிய நார்தர்னில் பாதரசமும் அதிகம், வருடக்கணக்கில் மற்ற மீனைத் தின்று சேர்த்தது. அந்த வகையிலும் சின்னதே நல்லது.

இதனால் ஏரி மாறுமா என்று கேட்பாய். ஒரே சீசனில் நடக்கிற காரியமில்லை. 40 அங்குல நார்தர்ன் வேண்டுமென்றால் அது பத்து வருடத்துக்கு மேல் யார் சட்டியிலும் விழாமல் தப்பியிருக்க வேண்டும். நான் விட்ட அந்த இருபத்து நாலரையை அடுத்த வருடம் 26 தாண்டினதும் வேறொருவன் சட்டப்படியே எடுத்துப் போகலாம். போகட்டும், நான் என் பங்குச் சுத்தியல் பிடிகளைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

மே மாதம் நடுவில் மறுபடி சீசன் திறக்கும், சரியாகக் கல்யாண நேரம். இங்குள்ள எல்லோரும் முதல் நாளுக்குப் படகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நான் விமானத்தில் இருப்பேன், இந்தத் தியாகத்தை உன் மகளிடம் சொல்லி வை. உங்கள் அம்மா கெண்டைக்கு அரைக்கிற மசாலாவில் சோம்பு உண்டா இல்லையா என்று கேட்டு எழுது. இவள் உண்டு என்கிறாள், நான் இல்லை என்கிறேன், ஒரு வாரமாக இதே பேச்சு. வாய்க்காலில் இப்போது விரால் வருகிறதா?

உன்,
ராமு