பயண அடாப்டர் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் அட்டைப்பெட்டி ஒன்று என் மேசை மேல் இருக்கிறது. முன்பக்கத்தில் உலக வரைபடம், நாலைந்து கொடிகள், '150 நாடுகளில் வேலை செய்யும்' என்று பெரிய எழுத்து. பின்பக்கத்தில் பார்கோடுக்குப் பக்கத்தில், கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும் அளவில் இன்னொரு வரி: 'இது மின்னழுத்தத்தை மாற்றாது.' அந்த வரியை முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு வீசிங் உண்டு. மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சோடு உள்ளே இழுக்கவைக்கும் மெஷினான நெபுலைசர் இல்லாமல் எங்கேயும் கிளம்ப மாட்டார். அவருடையது தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது அங்கேயே வாங்கியது, அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட். இந்தமுறை நாங்கள் போன நாட்டில் 230. இரவு ஒன்றரை மணிக்கு அவருக்கு இழுப்பு வந்தது. மருந்தை ஊற்றி, மாஸ்க்கை மாட்டிவிட்டு, பிளக்கை உங்கள் அடாப்டரில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் வழக்கமான உறுமலுக்குப் பதிலாகத் தகரத்தைப் போட்டு உலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு நிமிஷம்கூட இருக்காது, கருகுகிற வாடை வந்தது, மெஷின் நின்றுவிட்டது. அப்பா மாஸ்க்கைக் கழற்றவில்லை. கட்டில் ஓரத்தில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, "என்னாச்சுப்பா, கரண்ட் போயிடுச்சா?" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார். கரண்ட் போகவில்லை. உங்கள் அடாப்டரில் சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கையிலிருந்த இன்ஹேலரை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை சமாளித்தோம். இப்போது நன்றாக இருக்கிறார்.

மெஷினைத் திருப்பிப் பார்க்காதது என் தவறு, அதை மறுக்கவில்லை. அடியில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் என் போனும் லேப்டாப்பும் அதே அடாப்டரில் நாலு நாளாக ஒரு குறையும் இல்லாமல் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன. அவற்றின் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் ஒன்றும் ஆகவில்லை, அடாப்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது என்று நான் நம்பிவிட்டேன். அடாப்டர் செய்வது சுவரிலுள்ள துளைக்கு ஏற்றபடி பிளக் பின்னின் வடிவத்தை மாற்றுவது, அவ்வளவுதான். இது உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். சூடாக்கும் கம்பி உள்ள 120 வோல்ட் சாதனத்தை 230-இல் போட்டால் அது மூன்றரை மடங்குக்கும் மேலான மின்சாரத்தை வெப்பமாக்கும். ஹேர் டிரையராக இருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பின்பக்கத்தில் அரை விரல் இடம்தானா?

இனி இப்படி ஆகக் கூடாது என்று, அடுத்த நாள் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வாங்கப் போனேன். பெட்டி மேல் 1600 வாட் என்று போட்டிருந்தது. நெபுலைசர் சில நூறு வாட்டைத் தாண்டாது, தாராளமாகப் போதும் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தால், சூடாக்கும் சாதனங்களுக்கு மட்டும், மோட்டாரோ மின்னணுப் பாகமோ உள்ளவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. எடை குறைந்த இந்த வகை மின்சார அலையை நறுக்கித்தான் அனுப்புகிறது, முழு அலையாகத் தருவதில்லை. மோட்டார் உள்ள நெபுலைசருக்கு டிரான்ஸ்பார்மர் உள்ள கனமான வகை வேண்டும். அதுவும் ஹெர்ட்ஸை, அதாவது மின்சார அலை நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்பதை, மாற்றாது. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என்று ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு இருக்கிறது. இவ்வளவும் ஒரு நோயாளியின் மெஷினுக்காகக் கன்வெர்ட்டர் வாங்க வந்தவர் கடை வாசலில் நின்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதா? பெட்டியைப் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று வேறு எழுதியிருந்தது.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அடாப்டரின் முதுகில் '6 ஆம்பியர், 110–250 வோல்ட், அதிகபட்சம் 1500 வாட்' என்று இருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், 1500 என்பது 250 வோல்ட்டில் கிடைக்கும் கணக்கு. 110-இல் அதே 6 ஆம்பியர் 660 வாட்தான் தாங்கும். அங்கே 1500 வாட் இஸ்திரிப்பெட்டியைச் செருகுகிறவர் நீங்கள் எழுதியதை நம்பித்தானே செருகுகிறார்? மூன்று பின் பிளக்கை வாங்கிக்கொண்டு இரண்டு பின்னோடு சுவருக்குள் போகும் மாடல்களில் எர்த் இணைப்பே இல்லை. மூன்றாவது துளை இருப்பதைப் பார்த்து எர்த் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

உலகத்துக்கு ஒரே பிளக் வேண்டும் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-லேயே ஒரு தரநிலை வெளியிட்டது. பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் அதை ஒட்டித் தங்கள் பிளக்கை வகுத்துக்கொண்டன. மற்ற நாடுகள் பழைய துளைகளோடு இருக்கின்றன, அதனால்தான் உங்கள் தொழில் நடக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. நாடுகள் மாறக் காத்திருக்காமல் இன்றைக்கே உங்களால் செய்ய முடிந்ததைத்தான் கேட்கிறேன். அடுத்தமுறை அச்சடிக்கும்போது உலக வரைபடத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள். 'இது மின்னழுத்தத்தை மாற்றாது' என்பதை '150 நாடுகள்' இருக்கும் அதே அளவில், அதே பக்கத்தில், எந்த மொழி பேசுகிறவர்களுக்கு விற்கிறீர்களோ அந்த மொழியில் போடுங்கள். பெட்டியை எல்லோரும் கிளம்புமுன்பே தூக்கிப் போட்டுவிடுகிறோம், அதனால் அடாப்டரின் உடம்பிலும், பிளக் செருகும் பக்கத்தில், இருட்டறையிலும் கண்ணில் படுகிற மாதிரி அதே வரி வேண்டும். விற்பவர்கள் அடாப்டரைக் கையில் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எதைச் செருகப் போகிறீர்கள்?

பெட்டியையும் கருகிய மெஷினையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். படம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன். அந்த வரியை முன்பக்கத்துக்கு மாற்ற முடியுமா, முடியாதென்றால் ஏன் முடியாது என்று தயவுசெய்து ஒரு பதில் எழுதுங்கள்.

நன்றி.