மைனஸ் 2,063 ரூபாய்க்காகச் சம்பளக் கணக்கு மறுக்கப்பட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்:
மின்னணுத் தொழிற்சாலை ஊழியர், ஓசூர்
(பெயர், முகவரி, கணக்கு எண், வாடிக்கையாளர் எண் இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
முதன்மைக் குறைதீர் அதிகாரி,
வங்கித் தலைமை அலுவலகம்

பொருள்: குறைந்தபட்ச இருப்பு அபராதத்தால் மைனஸில் போன பழைய கணக்கைக் காட்டிப் புதிய சம்பளக் கணக்கு மறுக்கப்பட்டது – அபராதத்தை நீக்கிக் கணக்கு திறந்து தரக் கோருவது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் வங்கியின் ஓசூர் கிளை எனக்குச் சம்பளக் கணக்கு திறக்க மறுத்துவிட்டது. உங்கள் வங்கியிலேயே இருக்கும் என் பழைய கணக்கு மைனஸ் 2,063 ரூபாய் 70 காசில் நிற்கிறது, அதைக் கட்டினால்தான் புதுக் கணக்கு என்கிறார்கள். அந்தத் தொகையில் ஒரு ரூபாயைக்கூட நான் எடுத்துச் செலவு செய்யவில்லை. முழுக்க முழுக்க நீங்கள் போட்ட அபராதமும் கட்டணமும்தான். நான் கடன் கேட்கவுமில்லை, நீங்கள் கொடுக்கவுமில்லை. இருந்தும் கடன்காரியைப் போல என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாலிடெக்னிக் முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கைபேசி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் சேர்ந்தேன். சேர்ந்த வாரத்திலேயே உங்கள் ஊழியர்கள் ஆலை கேன்டீனுக்கு வந்து மேசை போட்டு உட்கார்ந்து, ஆதாரும் பான் கார்டும் வாங்கிக்கொண்டு, எங்கள் பேட்ச் மொத்தத்துக்கும் கணக்கு திறந்தார்கள். ஜீரோ பேலன்ஸ் கணக்கு, ஒரு ரூபாயும் வைத்திருக்கத் தேவையில்லை என்றுதான் சொன்னார்கள். சம்பளம் வரும்வரைதான் அந்தச் சலுகை, மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும், அப்புறம் மாதச் சராசரி இருப்பு 10,000 ரூபாய் இருக்க வேண்டும் என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. கணக்கு திறக்கும் படிவம் ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை இப்போதுதான் படித்தேன். படிவத்தின் நகலையும் எங்களுக்குத் தரவில்லை.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஆலை எங்களை அனுப்பிவிட்டது. ஊருக்குப் போய்விட்டேன். கணக்கில் அப்போது 1,140 ரூபாய் இருந்தது. அந்தப் பணம் என்ன ஆனது என்பதை உங்கள் கிளை அச்சிட்டுக் கொடுத்த ஸ்டேட்மென்டே சொல்கிறது. முதல் மாதம் அபராதம் 500, அதன்மேல் ஜி.எஸ்.டி. 90, ஆக 590 ரூபாய் போனது. மீதி 550. அடுத்த மாதம் மறுபடி 590 எடுத்தீர்கள். கணக்கில் இருந்ததே 550 என்பதால் அன்றைக்கு இருப்பு மைனஸ் 40 ஆனது. அங்கேயாவது நின்றிருக்க வேண்டும். ஒரு பைசாவும் இல்லாத கணக்கில் பத்தாயிரம் இல்லை என்பதற்காக அதற்கு அடுத்த மாதமும் 590, அதற்கடுத்த மாதமும் 590. இடையில் நான் பயன்படுத்தாத டெபிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 236. பிறகு மீண்டும் ஒரு 590. கடைசியாக எஸ்.எம்.எஸ். கட்டணம் 17 ரூபாய் 70 காசு.

இந்த எஸ்.எம்.எஸ். கட்டணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணக்கு திறந்தபோது கொடுத்த அதே கைபேசி எண்தான் இன்றும் என்னிடம் இருக்கிறது. உங்களிடமிருந்து வந்த குறுஞ்செய்திகள் எதையும் நான் அழிக்கவில்லை. ஓ.டி.பி. வந்திருக்கிறது, பண்டிகை வாழ்த்து வந்திருக்கிறது, உடனடிக் கடன் தயார் என்று விளம்பரம் வந்திருக்கிறது. கணக்கின் வகை மாறுகிறது என்றோ, ஒரு மாதத்துக்குள் பணம் போடாவிட்டால் அபராதம் விழும் என்றோ ஒரே ஒரு செய்தியும் இல்லை. அபராதம் பிடித்த பிறகும் செய்தி இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததே ஓசூர் கிளையின் கவுன்டரில்தான்.

இப்போது வேலை செய்யும் ஆலை உங்கள் வங்கி வழியாக மட்டுமே சம்பளம் போடுகிறது. ஆதார் எண்ணைப் போட்டதும் உங்கள் அதிகாரி சொன்னார்: "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா. பழைய கஸ்டமர் ஐடிதான் வருது, அதுல மைனஸ் நிக்குது. கட்டிட்டு வாங்க, உடனே ஓப்பன் பண்ணிடலாம்." அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் குறை இல்லை. சரி, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காவது தாருங்கள் என்று கேட்டேன். ஏற்கெனவே கணக்கு இருப்பவருக்கு அது கிடையாது என்றார். அப்படியானால் பழையதை மூடிவிடுங்கள் என்றேன். மைனஸில் இருக்கும் கணக்கை மூட முடியாது என்றார். மறுப்பதை எழுத்தில் தாருங்கள் என்றதற்குப் பதில் இல்லை. மேலாளரிடம் போனபோது, கட்டாவிட்டால் சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவில்) ஏறிவிடும், பிற்காலத்தில் எந்தக் கடனும் கிடைக்காது என்று சொன்னார். இதுவரை எங்கும் கடனே வாங்காத ஒருத்தியின் பெயரில், வங்கி தானாகப் போட்ட அபராதம் எந்த விதியின்படி சிபிலுக்குப் போகும் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அப்படி ஒரு விதி இல்லையென்றால், வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை அப்படிச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று கிளைகளுக்கு உத்தரவு போடுங்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

என் முதல் மாதச் சம்பளம் இன்னும் ஆலையிலேயே நிற்கிறது. ஹாஸ்டல் வாடகையும் மெஸ் பணமும் கடன் சொல்லியிருக்கிறேன். இரண்டாயிரம்தானே, கட்டிவிட்டு வேலையைப் பார் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ரிசர்வ் வங்கியே கூடாது என்று சொன்ன ஒன்றை நான் எதற்குக் கட்ட வேண்டும்?

குறைந்தபட்ச இருப்பு அபராதம் பற்றி 2014 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வணிக வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அபராதம் என்று அதில் இருக்கிறது. எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குத்தான் அபராதம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. என் விஷயத்தில் மிக முக்கியமானது, குறைந்தபட்ச இருப்பு அபராதம் ஒன்றினால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போய்விடக் கூடாது என்ற வரி. இதற்கு இரண்டு அர்த்தம் எடுக்க வழியே இல்லை. 2014 ஏப்ரலில், ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது வந்த கொள்கை அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், அபராதம் போடுவதற்குப் பதிலாக அந்தக் கணக்கின் வசதிகளை அடிப்படைக் கணக்கின் அளவுக்குக் குறைத்துவிட்டு, இருப்பு ஏறியதும் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னது. என் கணக்கில் நீங்கள் அப்படிச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு விஷயத்திலும் கிளை சொன்னது சரியில்லை. 2012 ஆகஸ்டில் வந்த விதியின்படி எல்லா வங்கியும் அதைத் தர வேண்டும், குறைந்தபட்ச இருப்பு கேட்கக் கூடாது. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால், அடிப்படைக் கணக்கு திறந்த 30 நாளுக்குள் பழையதை மூட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதாவது முதலில் திறக்கலாம், பிறகு மூடலாம்.

பாலிடெக்னிக் படிக்கும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கினேன். அதற்காக ஒரு பொதுத்துறை வங்கியில் திறந்த கணக்கு இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. பல மாதம் நூறு ரூபாய்க்கும் கீழேதான் அதில் இருந்திருக்கிறது, ஒரு தடவைகூட அபராதம் விழவில்லை. அரசு கொடுக்கும் ஆயிரம் ரூபாயை வைத்துப் படித்து முடித்து, வேலைக்குப் போய் நானாகச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு கிடைத்த கணக்கில்தான் எனக்கு இது நடந்திருக்கிறது. என்னைச் சுற்றி இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள். வீட்டில் முதல் முதலாக மாதச் சம்பளம் வாங்குபவர்கள். வங்கி சொல்வதை அப்படியே நம்புகிறவர்கள்.

இது எனக்கு மட்டும் நடந்ததாக நினைத்துவிடாதீர்கள். என் ஹாஸ்டலிலேயே உங்கள் வங்கியின் மைனஸ் கணக்கோடு இன்னும் சில பேர் இருக்கிறார்கள். ஒருத்தி மெஸ் நடத்தும் அக்காவிடம் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டுத்தான் புதுக் கணக்கு வாங்கினாள். இன்னொருத்தி பழைய ஆலையின் பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பித்தாள். அது உங்கள் வங்கியில் இருந்த பழைய கணக்குக்குத்தான் வந்தது, வந்த அன்றே உங்கள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைக் காட்டினீர்கள். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துச் சேர்ந்த பணம் அது. பணம் கழிக்கப்பட்டது அவளுக்குத் தெரிந்தபோது என்ன சொல்வதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இங்கே வேலை நிலையில்லை. ஒரு வருஷம் ஸ்ரீபெரும்புதூர், ஒரு வருஷம் ஓசூர், நடுவில் சில மாதம் வீடு என்றுதான் எங்கள் வயதுக்காரர்கள் வாழ்கிறோம். வேலை போய்ச் சில மாதத்திலேயே அபராதம் ஓட ஆரம்பிக்கிறது, கட்டக் காசு இல்லாத நேரத்தில்தான் அது ஏறுகிறது. இதைச் சாதாரண கட்டண விதி என்று என்னால் ஏற்க முடியவில்லை, இது அநியாயம்.

பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே குறைந்தபட்ச இருப்புக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. 2025இல் கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் எடுத்துவிட்டன. 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த அபராதமாகச் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் மத்திய நிதித்துறை பதில் சொன்னது. இத்தனை கோடியும் கணக்கில் பணம் வைக்க முடியாதவர்களிடமிருந்து எடுத்தது. உங்கள் வங்கி எவ்வளவு இருப்பு கேட்பது என்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் அபராதம் போடுவதும், கணக்கை மைனஸில் தள்ளுவதும், அதைக் காட்டி ஒருவருக்குச் சம்பளம் வாங்க வழியில்லாமல் செய்வதும் உங்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயமில்லை.

ஆகவே என் பழைய கணக்கில் நிற்கும் மைனஸ் 2,063 ரூபாய் 70 காசையும் முழுமையாக நீக்கி, என் வாடிக்கையாளர் எண்மேல் இருக்கும் தடையை எடுக்க வேண்டும். அறிவிப்பே இல்லாமல் பிடித்த 1,140 ரூபாய் என் சொந்தப் பணம், அதைத் திருப்பித் தர வேண்டும். பழைய கணக்கைக் கட்டணம் இல்லாமல் மூடி, பாக்கி ஏதும் இல்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்தக் கடன் தகவல் நிறுவனத்துக்கும் என் பெயர் போகவில்லை என்பதையும், போயிருந்தால் திருத்திவிட்டதையும் உறுதி செய்ய வேண்டும். ஓசூர் கிளையில் சம்பளக் கணக்கை மட்டும் இந்த வாரமே திறந்து தாருங்கள், மற்றவற்றுக்கு உங்கள் நடைமுறைப்படி நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திருக்கிறேன். சம்பளத்துக்குக் காத்திருக்க என்னால் முடியாது.

இதோடு இன்னொன்றும் கேட்கிறேன். ஆலைகளில் கணக்கு திறக்கும்போது, சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் கொடுங்கள். வேலை மாறிப் போனவர்களின் பழைய சம்பளக் கணக்குகளில் அபராதத்தால் மட்டும் மைனஸ் ஆனவை எத்தனை இருக்கின்றன என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் இப்படி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. எழுதினால்தான் கிடைக்கும் என்று இருக்கவும் கூடாது.

30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் சரியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகாரைக் கொண்டு போவேன். அதற்கான தாள்களைத் தயாராக வைத்திருக்கிறேன். ஸ்டேட்மென்ட், குறுஞ்செய்திகளின் படப்பிரதி, இப்போதைய ஆலையின் பணி நியமனக் கடிதம் மூன்றையும் இத்துடன் இணைத்துள்ளேன். பதிலைத் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
ஓசூர்