குண்டப்பன் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் கோல்ட்ஃபிஷ் குண்டப்பனின் உயிரை நானே முடித்துவிட்டேன் என்றதும், நேற்று போனில் நீ கேட்டாய்: "நான் வர்ற வரைக்கும், ரெண்டு வாரம், வச்சிருக்கக் கூடாதாப்பா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். இதைப் பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதைக் கேட்டு நீயும் அழுவாய். எழுதினால் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

முதலில் என் தப்பு. போன மாதம் ஃபில்டர் ஸ்பாஞ்ச் வழவழவென்று அழுக்காக இருந்தது. நீ இருந்திருந்தால் தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் எடுத்து, அதில் இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்திருப்பாய். நான் குழாயடியில் வைத்து, துணி துவைக்கிற மாதிரி வெளுக்கும்வரை அலசினேன். அதில் ஒரு பெருமை வேறு. குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு என்பது அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. மீன் விடுகிற அமோனியாவைத் தின்று தீர்க்கிற பாக்டீரியா குடியிருப்பதே அந்த ஸ்பாஞ்சில்தான். குடியிருப்பையே காலி செய்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பச்சையாக நின்றது. பூஜ்யமாக இருக்க வேண்டிய அமோனியா, 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றி, குளோரின் முறிப்பான் விட்டு, இரண்டு வாரத்தில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் அவன் செவுள் புண்ணாகியிருக்க வேண்டும். ஏரோமோனாஸ் என்ற கிருமி எல்லாத் தொட்டியிலும் சும்மா கிடப்பதுதான், மீன் தளர்ந்த நேரம் பார்த்து உள்ளே புகுந்திருக்கும் என்றார் மீன் பார்க்கிற டாக்டர். அதனால்தான் வந்தது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

வயிறு வீங்கியதும் எனக்குத் தெரியவில்லை. குண்டப்பன் என்று நீ பெயர் வைத்தாயே, அதுதான் கெடுத்தது. குண்டாகத்தானே இருப்பான் என்று விட்டுவிட்டேன். கண்டுபிடித்தது அம்மா. தீனி போட மூடியைத் திறந்தவள், மேலேயிருந்து பார்த்துவிட்டு, "இங்க வாங்க, இவன் ஏன் இப்படி இருக்கான்?" என்றாள். குளிரில் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காருமே, அப்படிச் செதிலெல்லாம் வெளியே தூக்கிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவ்வளவு தெரியாது.

இதை டிராப்ஸி என்கிறார்கள். அது தனி நோய்கூட இல்லையாம், உள்ளே ஏதோ ஒன்று கைவிட்டதற்கு அடையாளம். நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கிற உப்பு, வெளித் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் ஓயாமல் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அதைச் சிறுநீரகம் ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். ஒன்பது வருஷமாக அவன் சும்மா மிதந்துகொண்டிருந்ததாக நினைத்தோமே, உள்ளே இந்த வேலை ராத்திரி பகலாக நடந்திருக்கிறது. இறைப்பது நின்றால் தண்ணீர் உள்ளேயே தேங்கும், செதிலுக்கு அடியிலும் தேங்கும். அதுதான் அந்தச் சிலிர்ப்பு. செதில் உடம்பு முழுக்கத் தூக்கிய பிறகு பிழைப்பது அபூர்வம் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். உன்னிடம் அதைச் சொல்லாமல் "வைத்தியம் நடக்குது" என்று மட்டும் சொன்னேன். அதுவும் தப்புதான்.

அவனைத் தனியாக 20 லிட்டர் டப்பாவில் விட்டேன். நீந்தி மேலே வரச் சிரமப்படக் கூடாது என்று தண்ணீரை உயரம் குறைத்து, அகலமாக வைத்தேன். வீக்கம் வடிய எப்சம் உப்பு அரைக்கால் டீஸ்பூன். சமையல் உப்பு இல்லை, அது வேறு. டாக்டர் மருந்து கலந்த தீனியும் கொடுத்தார், ஆனால் தின்றால்தானே மருந்து போகும்?

ஒரு நோட்டில் தினமும் மூன்று கேள்வி எழுதி வைத்தேன். தின்றானா, நிமிர்ந்து நின்றானா, என்னைப் பார்த்து வந்தானா. மூன்றாவது கேள்வி உனக்குப் புரியும். நான் மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்பான், ஏனென்றால் கண்ணாடி போட்ட பிறகுதான் நான் தீனி எண்ணுவேன். நான்காம் நாள் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஓர் உருண்டையைக் கவ்வினான். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் அது துப்பிக் கிடந்தது. நோட்டில் 'தின்றான்' என்று எழுதியதை அடிக்க மனசு வரவில்லை, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஏழு, எட்டு, ஒன்பது, மூன்று நாளும் மூன்று கேள்விக்கும் இல்லை. டப்பாவின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தான். நிமிர முயற்சி செய்வான், வால் இரண்டு தட்டு தட்டும், திரும்பச் சாய்வான். கீழ்ப்பக்கம் தரையில் உரசி உரசிச் செதில் உதிர்ந்து, அந்த இடம் சிவந்துவிட்டது. செவுள் மட்டும் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது. போனில் நீ கேட்ட இரண்டு வாரம் என்பது இதில்தான் போயிருக்கும், பாப்பா.

அம்மா, "தானா போகட்டுமே" என்றாள். நானும் ஒரு ராத்திரி அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தானாக என்பது குளத்தில் நடக்கும். அங்கே இவ்வளவு தளர்ந்த மீனை முதல் நாளே கொக்கு தூக்கியிருக்கும். நாம் கொக்கும் வராமல் பார்த்துக்கொண்டு, வைத்தியமும் பலிக்காமல், உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மாமா ஃப்ரீசரில் வை என்றார். மீனுக்கு என்ன வலி தெரியப்போகிறது என்றும் சொன்னார். 2003-லேயே டிரவுட் மீனின் தலையில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். கோல்ட்ஃபிஷ் குளிர் தாங்கும் மீன், ஃப்ரீசரில் மெல்ல மெல்ல உறையும். கழிப்பறையில் விட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழாய்க்குள் எவ்வளவு நேரம் உயிரோடு கிடக்குமோ. இரண்டும் நம் கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான் வசதி.

டாக்டரிடம் கேட்டு, மீனை மயக்கிவிடுகிற கிராம்பு எண்ணெயில் அதைச் செய்தேன். லிட்டருக்கு 0.4 மில்லி கணக்கு. அவன் கிடந்த தண்ணீரிலேயே 4 லிட்டர் ஒரு பக்கெட்டில் எடுத்து, இடம் மாறியதுகூடத் தெரியாதபடி விட்டேன். எண்ணெய் தண்ணீரோடு சேராது. சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு போட்டுப் பால் மாதிரி ஆகும்வரை குலுக்க வேண்டும். முதலில் கால்வாசி மட்டும், ஓரமாக, மெதுவாக ஊற்றினேன். சில நிமிஷத்தில் செவுள் அடிப்பு தணிந்தது. தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம்தான் மீதியை ஊற்றினேன். செவுள் நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிஷம் எடுக்கக் கூடாது, நல்ல தண்ணீர் பட்டால் மயக்கம் தெளிந்துவிடலாம் என்றார். நான் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். துடிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

உனக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்று காலை போனை எடுத்தேன். நீ "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்து வைத்துவிட்டேன். அதற்கு நீ என்னைத் திட்டலாம்.

செம்பருத்திக்குக் கீழே ஆழமாகத் தோண்டிப் புதைத்திருக்கிறேன். டப்பா, வலை எல்லாவற்றையும் கிருமிநாசினியில் ஊறவைத்துக் காயவைத்தாயிற்று. அந்த பக்கெட்டில் மட்டும் கிராம்பு வாசனை போகவே மாட்டேன் என்கிறது, அதை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

பெரிய தொட்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாதே என்று தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுகிறேன். "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனியா?" என்று அம்மா கேட்கிறாள். நீ வந்ததும் தண்ணீரை ஒரு தடவை நீயே டெஸ்ட் பண்ணிப் பார். நைட்ரேட் டெஸ்ட்டுக்குக் கிட்டில் இருக்கிற இரண்டாவது பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டுமாமே, இத்தனை நாள் நான் குலுக்காமல்தான் விட்டிருக்கிறேன்.

அப்பா