வண்டித் தோல் உரிந்தது என் சோம்பேறித்தனத்தால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர், தன் காரின் பானெட்டிலும் கூரையிலும் பெயிண்டின் மேல்பூச்சு வெள்ளை வெள்ளையாக உரிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் எழுதியவர், வண்டியைச் சரியாகப் பராமரிக்காதவர்களுக்குத்தான் இது வரும், நல்ல ரப்பிங் பாலிஷ் ஒன்று போட்டால் பழைய பளபளப்பு திரும்பிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் விருதுநகர் பக்கம் 22 வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். இப்போது ஓடுவது சொந்த வண்டி, 2013 மாடல், மெட்டாலிக் சாம்பல் நிறம். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு வாளித் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் ஒரு நாளும் சவாரிக்கு எடுத்ததில்லை. காக்கை எச்சம் விழுந்தால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுப்பவன் நான். என் வீட்டில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளைவிட வண்டியைத்தான் நன்றாகக் குளிப்பாட்டுகிறேன் என்று சொல்வார்கள். அந்த வண்டிக்கும் ஏழாவது வருடம் கூரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் திட்டு விழுந்தது. அடுத்த கத்திரி முடிவதற்குள் அது உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது.

உங்கள் பத்திரிகை வந்த மறுநாள், மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகும் ஒரு பெரியவர் இப்போது உரிந்துவரும் டிக்கியைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பேப்பர்லயே போட்டிருக்கான், ஒரு பாலிஷ் போடக்கூடாதா? வண்டியை இப்படியா வச்சிருக்கிறது?" என்றார். ஒன்பது வருடமாக என்னை நம்பி ஏறுகிறவர் அவர். மதுரை போய்ச் சேரும்வரை என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

பாலிஷ் போடச் சொன்னவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் தொழில் கற்றேன். ஆரம்பத்தில் ஒரு முதலாளியிடம் கருப்பு அம்பாசடர் ஓட்டினேன். அதில் கலர்தான் மேல்பூச்சு, அதற்கு மேலே வேறொன்றும் கிடையாது. வெயிலில் மங்கி மாவு பூத்ததுபோல ஆகிவிடும். காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைப் போட்டுக் கை வலிக்கத் தேய்த்தால் துணியில் கருப்பு இறங்கும், அடியிலிருந்து புதுக் கருப்பு மேலே வரும், முகம் பார்க்கலாம். அந்த வண்டிக்கு உங்கள் பதில் சரி. அம்பாசடர் தயாரிப்பையே 2014இல் நிறுத்திவிட்டார்கள். இப்போதுள்ள மெட்டாலிக் வண்டிகளில் கலர் ஒரு மெல்லிய பூச்சு, அதற்கு மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் இன்னொரு பூச்சு. பளபளப்பு முழுவதும் அந்தக் கிளியரில்தான் இருக்கிறது, வெயிலைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் கலந்திருக்கிறது. அதன் கனம் 40, 50 மைக்ரான்தான், நீங்கள் அச்சடிக்கும் தாளைவிட மெல்லியது. அதைப் பாலிஷ் மெஷின் வைத்துத் தேய்த்தால் இருப்பதும் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கிளியர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்து மேலே மட்டும் மங்கலாகியிருந்தால் இலேசான பாலிஷ் உதவும். ஆனால் அந்த வாசகர் உரிகிறது என்றுதானே எழுதியிருந்தார்? ஓரம் கிளம்பிவிட்டால் பிறகு எதைத் தேய்ப்பது? அந்த வெள்ளைத் திட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும், திட்டு மறைந்து வண்டி புதுசுபோல இருக்கும், காய்ந்ததும் பழையபடி வந்துவிடும். மெழுகு போட்டாலும் இதே கதைதான், கொஞ்ச நாள் கூடுதலாக மறைக்கும், அவ்வளவே.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதலில் ஒரு கடையில் மெஷின் பாலிஷ், 1,800 ரூபாய். அன்று சாயங்காலம் பளபளவென்று இருந்தது, இரண்டு மாதத்தில் உள்ளங்கை அகலம் இருந்தது தட்டு அளவு ஆனது. அப்புறம் ரோட்டோரம் ஒரு ஷெட்டில், உரிந்ததை முழுசாக எடுக்காமல் மேலோட்டமாக வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டுவிட்டு, பூச்சைக் கெட்டியாக்கும் ஹார்ட்னர் கலக்காத கிளியரை அதன்மேலேயே அடித்துக் கொடுத்தார்கள், 4,500 ரூபாய். எட்டே மாதம். ராமேஸ்வரம் சவாரியில் பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது கூரையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பாலிதீன் பைபோலக் கிழிந்து காற்றில் படபடவென்று அடித்தது, பின்னால் இருந்த குழந்தை பயந்து அழுதுவிட்டது. அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் முன்னால் நான் நின்ற நிலையை, பராமரிக்காதவன் என்று எழுதியவர் வந்து பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவதாகத்தான் ஒரு நல்ல பெயிண்டர் கிடைத்தார். அவர் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், எங்கே கிளியர் கிளம்பாமல் கெட்டியாகப் பிடித்திருக்கிறதோ அதுவரை எல்லாவற்றையும் எடுத்தார். 400 நம்பர் பேப்பரில் மேடு பள்ளம் தெரியாமல் இழைத்து, அப்புறம் 800. வெயிலில் வெந்துபோன கலரையும் திரும்ப அடித்தார். ஹார்ட்னரை டின்னில் போட்டிருக்கிற அளவுப்படி அளந்து கலந்தார், ஒரு கை அடித்து ஈரம் காயும்வரை விட்டு அடுத்த கை. திட்டு இருந்த இடத்தில் மட்டும் அடிக்கவில்லை, கூரை முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம் வரை அடித்தார். பாதியில் நிறுத்தினால் அந்த விளிம்பிலிருந்தே மறுபடி கிளம்பும் என்றார். கூரைக்கும் பானெட்டுக்கும் சேர்த்து 14,000 ரூபாய், நான்கு நாள் சவாரி போச்சு. ஐந்து வருடம் ஆகப்போகிறது, அந்த இரண்டு இடமும் அப்படியே இருக்கின்றன. டிக்கிக்கு அன்று என்னிடம் காசு இல்லை, அதுதான் இப்போது உரிகிறது.

அந்தப் பெயிண்டர் அண்ணன் இன்றைக்கு வேலை செய்வதில்லை. ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, ஸ்ப்ரே கன் பிடித்து அடிக்கும்போது அது புகைபோல மூச்சில் ஏறும், உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். இருபது வருடம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டே அடித்தவர். பெயிண்ட் ஷெட் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பெட்டிக்கடை வைத்திருக்கிறார், வீசிங் மருந்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு. உங்கள் பதிலின் கடைசியில், முடிந்தால் கிளியர் வாங்கி வீட்டு வாசலிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று வேறு போட்டிருந்தீர்கள். எந்தக் கிளியர் என்று இல்லை, சரியான மாஸ்க் வேண்டும் என்று இல்லை, பக்கத்தில் குழந்தைகள் நிற்கக்கூடாது என்று இல்லை. இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கப்போகிறார்களோ என்று எனக்குப் பதறுகிறது.

அப்புறம், வண்டியை நிழலில் நிறுத்துங்கள் என்றும் அறிவுரை சொன்னீர்கள். ஐயா, எங்கள் ஸ்டாண்டில் மூன்று தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. எட்டு வண்டி நிழலில் நிற்கும். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ஒரே வாரத்தில் மூன்றையும் வெட்டினார்கள். புது ரோட்டின் படம் உங்கள் பத்திரிகையில் வந்தது, மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நாங்கள் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதமும் வரவில்லை. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை சவாரிக்காக வெட்டவெளியில் நிற்கிறோம், பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது. கூரையும் பானெட்டும் டிக்கியும்தான் முதலில் உரிகின்றன, கதவுகள் நன்றாக இருக்கின்றன, ஏன்? வானத்தைப் பார்த்துக் கிடப்பவை அவைதான். கவனக்குறைவு என்றால் கதவும் சேர்ந்து உரிந்திருக்க வேண்டாமா? இன்சூரன்சில் கேட்டேன், விபத்து இல்லை, தேய்மானம், பாலிசியில் வராது என்றார்கள். சரி, அவர்கள் எழுதி வைத்திருக்கிற விதி அது. நான் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற பத்திரிகை என்னைச் சோம்பேறி என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உங்கள் பத்திரிகைதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அதே வாகனப் பக்கத்தில் நான்கு வரி போடுங்கள்: மேல்பூச்சு உரிந்துவிட்டால் பாலிஷ் அதைத் திரும்பக் கொண்டுவராது; தளர்ந்ததை முழுவதும் எடுத்துவிட்டு அந்தப் பகுதி முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டும்; ஹார்ட்னர் கலந்த கிளியரைத் தகுந்த மாஸ்க் இல்லாமல் வீட்டில் அடிக்க வேண்டாம்; உரிவதற்கு முக்கியக் காரணம் வெயில். பராமரிக்காதவர்கள் என்ற வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் சந்தோஷம், அதற்கு இடமில்லை என்றால் மற்றதையாவது போடுங்கள்.

அடுத்த மாதம் 9ஆம் தேதி அந்தப் பெரியவரை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை வந்துவிட்டால், வெட்டி எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்,
விருதுநகர் மாவட்டம்.