எண்ணெய் வித்து ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சோயா (2010), எள் (2014), சூரியகாந்தி (2017), நிலக்கடலை (2019) என ஒவ்வொரு பயிரின் மரபணுத்தொகையும் வெளியானபோது மகிழ்ந்தோம். ஆயினும், மரபணு வரிசையை அறியும் பணிக்கு மனமுவந்து தரப்படும் நிதி, அதே செடிகளை வயலில் வளர்த்து அளந்து பதியும் பணிக்குத் தரப்படுவதில்லை என்ற குறையைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

நிலக்கடலை எண்ணெயில் ஒலீயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் மிகுந்திருந்தால் அது எளிதில் காறிப்போவதில்லை. ஒலீயிக்கை லினோலெயிக் அமிலமாக மாற்றும் நொதிக்குரிய மரபணு, இப்பயிரின் இரு காட்டு மூதாதைகளிடமிருந்தும் வந்து இரண்டு படிகளாக (நகல்களாக) அமர்ந்திருப்பதால், இரண்டுமே செயலிழந்தால்தான் ஒலீயிக் அளவு 80 விழுக்காட்டை ஒட்டி உயர்கிறது. ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் அவ்விரு படிகளைப் பிரித்தறிந்து, வேண்டிய செடியை நாற்றிலேயே தேர்ந்தெடுக்க வரிசைமுறை பேருதவி புரிகிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அப்பண்புடைய இயற்கைத் திரிபு 1987-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது, வித்துகளின் கொழுப்பமிலங்களைச் சலிக்காமல் அளந்தவர்களால்தான்.

எண்ணெய்ப்பனையிலும் இதே கதைதான். ஓட்டின் தடிப்பை முடிவுசெய்யும் மரபணு 2013-இல் அறியப்பட்டதால், தடித்த ஓடுடைய டூராவா, எண்ணெய் மிகுந்த மெல்லோட்டு டெனெராவா என்பதை, காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திராமல் கன்றின் இலையைக் கொண்டே சொல்லிவிடலாம். காய்களை வெட்டிப் பார்த்து மரவாரியாக எழுதிவைத்த ஏடுகள் இல்லாதிருந்தால் அந்த மரபணுவை எதனோடு பொருத்தியிருப்பார்கள்?

இவையிரண்டும் எளிய பண்புகள். விளைச்சல், எண்ணெய் அளவு, வறட்சி தாங்கும் திறன் ஆகியவற்றைச் சிறு சிறு பங்களிக்கும் பல மரபணுக்கள் சேர்ந்து ஆள்கின்றன. பல இடங்களில், பல பருவங்களில் அளந்தாலன்றி அவை பிடிபடுவதில்லை. ஒரே பருவத்தோடு ஒப்பந்தம் முடியும் திட்டத்தில், மழை பொய்த்த ஆண்டின் குறை அந்த வகையின் குறையாகவே பதிவாகிவிடுகிறது.

ஆகவே, வரிசைமுறைத் திட்டம் ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று பருவ வயல் அளவீட்டுக்கும் எண்ணெய்ப் பகுப்பாய்வுக்கும் தனி நிதி ஒதுக்குங்கள். வரிசைத் தரவு, அளவீடு, வித்து வங்கியில் உள்ள விதை ஆகிய மூன்றும் ஒரே பதிவு எண்ணில் கிடைக்கும்வரை இறுதித் தவணையை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
பயிர் மேம்பாட்டுப் பணியில் உள்ள ஒருவர்