டாலி மெசஞ்சரும் உன் தோள்பட்டையும்

அன்பு நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தோள் எலும்பு கூடிவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. ஆனால் படுத்திருந்த ஆறு வாரத்துக்கும் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் மனசை அறுக்கிறது.

இங்கே சிட்னியில் 1907-லும் இதே கதைதான். அலெக் பர்டன் என்ற ரக்பி ஆட்டக்காரர் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். மைதான வாசலில் டிக்கெட் வசூல் செய்த சங்கம் அவருடைய கூலி இழப்புக்கு ஒன்றும் தரவில்லை. அந்தக் கோபத்தில் இங்கே வேரூன்றியதுதான், ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுக்கும் ரக்பி லீக். இன்று இங்கே எல்லோரும் பார்ப்பது அதைத்தான். அதற்கு உயிர் கொடுத்தவர் டாலி மெசஞ்சர். சிட்னியின் டபுள் பே பகுதியில் படகு கட்டும் குடும்பத்துப் பையன், பேர்போன ரக்பி ஆட்டக்காரர்.

அவரை லீக்குக்கு அழைக்க, அதைத் தொடங்கிய ஜேம்ஸ் கில்டினனும், கிரிக்கெட் வீரர் விக்டர் டிரம்பரும் வீட்டுக்கே போனார்கள். அம்மா சரி என்று சொன்ன பிறகுதான் பையன் சம்மதித்தார். நாடே கொண்டாடிய 24 வயது ஆட்டக்காரர், அம்மாவின் வாயைப் பார்த்து நின்றிருக்கிறார்! எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.

ஆடிக் காசு வாங்கியதற்காக, பழைய சங்கம் அவரை விலக்கி வைத்தது. அவர் எடுத்த புள்ளிகளையும் தன் ஏடுகளிலிருந்து அடித்துவிட்டது. திரும்பச் சேர்க்க நூறு வருஷம் ஆனது. ஆடியதை ஆயிரக்கணக்கானோர் கண்ணால் பார்த்திருக்க, ஆடவே இல்லை என்று எழுத எப்படிக் கை வந்ததோ. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் நியூசிலாந்து அணியோடு இங்கிலாந்து போனார், 1908-ல் ஆஸ்திரேலிய அணியோடு மறுபடியும் போனார். 1911-ல் ஒரே பருவத்தில் 270 புள்ளிகள். டேவ் பிரவுன் என்ற இன்னொரு ஆட்டக்காரர் அதைத் தாண்ட 1935 வரை ஆனது. சிட்னியின் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணிக்கு 1911, 12, 13 என்று தொடர்ந்து மூன்று கோப்பை வாங்கித் தந்துவிட்டு ஆட்டத்தை விட்டார்.

சனிக்கிழமை பேரனின் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிளாஸ்டிக் தாங்கியில் பந்தை நிறுத்தி உதைக்கிறார்கள். மெசஞ்சர் காலத்தில் பூட்ஸ் குதிகாலால் புல்லைக் கிண்டி, சின்னக் குழி பறித்து, அதில் பந்தை நட்டுவைப்பார்கள். பேரனிடம் சொன்னேன். உடனே குதிகாலால் தோண்டிப் பார்த்தான். முதல் பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டாவது உள்ளே!

பிடித்த சம்பளத்தை விட்டுவிடாதே, எழுத்தில் கேள். இன்னும் ஒரு மாதத்துக்கு சைக்கிள் வேண்டாம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி